ஊருக்குப் போகிறவனிடம் சொல்லாதே

மஞ்சள் புகைக்குண்டு வெடித்த அன்று லெப்டினன்ட் விட்காம் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், மனிதருக்கு விஷயம் புரியவில்லை என்று ஓரினுக்குத் தெரிந்துவிட்டது.

மத்தியானத் தூக்கம் கெட்டுப்போய் அவர் தன் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தபோது தலைமுடி, புருவம், பனியன் எல்லாம் மஞ்சளாக இருந்தன. வாசலில் நின்று நன்றாக இருமிவிட்டு, "யாருப்பா அது? எனக்கு மஞ்ச ஒத்துவராது, அடுத்த தடவ பச்சையா போடுங்க" என்றார். மணல் மூட்டைகளின் மறைவில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. புதிதாக வந்த அதிகாரியைச் சீண்டிப் பார்க்கிறார்கள், தானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தால் சிநேகமாகிவிடலாம் என்று பாவம் அந்த மனிதர் நினைத்துவிட்டார்.

அந்த மலையில் அதற்கு அர்த்தமே வேறு. முதலில் மஞ்சள் புகை. அப்படியென்றால், யோசித்துக்கொள். அதற்கும் மசியாவிட்டால் கண்ணீர்ப்புகை. அப்படியென்றால், யோசிக்க இனி அவகாசம் கிடையாது. மூன்றாவதாக வருவது நிஜமான கைக்குண்டு. எந்தப் புத்தகத்திலும் இது எழுதியிருக்கவில்லை. எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் வியட்நாமில் மலைமேல் கிடந்த சிப்பாய் அத்தனை பேருக்கும் தெரியும். முன்னறிவிப்பு இரண்டு தடவை கொடுத்துவிட்டுத்தான் கொல்கிறோம் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கொலைகாரனுக்கும் தன்னை யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, என்ன செய்வது.

அது 1971ஆம் வருஷத்து மழைக்காலம். முகாமின் பெயர் ரோஸ்மேரி. எவனோ ஒரு கர்னல் அந்தச் சேற்றுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த அம்மாள் அவனுக்கு என்ன கெடுதல் செய்தாளோ தெரியாது. அமெரிக்கப் படைகள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. இன்னும் சில மாதம் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிவிட்டால் தாங்களும் போய்விடலாம் என்பதுதான் ரோஸ்மேரியில் இருந்தவர்களின் ஒரே எண்ணம். ஓரின் டாஸ்கர் அந்தப் பிரிவின் மருத்துவ உதவியாளன். எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் சேருவதற்கு முன்னால் நெப்ராஸ்காவில் ஒரு மாட்டு டாக்டர் ஊசி போடும்போது கன்றுக்குட்டியின் காலைப் பிடித்துக்கொள்வதுதான் அவன் வேலை.

பழைய லெப்டினன்ட் காலத்தில் எல்லாம் சுமுகமாக நடந்தது. தினமும் பொழுது சாயும்போது ஒரு குழு முள்கம்பி வேலியைத் தாண்டி, கீழே பள்ளத்தாக்குப் பாதையில் போய் விடியும்வரை எதிராளிக்காகப் பதுங்கிக் கிடக்க வேண்டும் என்பது உத்தரவு. குழுவும் ஒழுங்காக வேலியைத் தாண்டிப் போகும். முதல் மூங்கில் புதர் வந்ததும் உட்கார்ந்துவிடும். அங்கிருந்தே ரேடியோவில் கூப்பிட்டு, பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று காது குத்துவார்கள். காலையில், ஒருத்தனும் வரவில்லை என்று ஒரு பொய். அவ்வளவுதான். பழைய லெப்டினன்டுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டு உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்.

விட்காம் வந்த வாரமே குழுவோடு தானும் கிளம்பினார். மூங்கில் புதரில் எல்லோரும் மூட்டையை இறக்கியதைப் பார்த்துவிட்டு, வரைபடத்தை விரித்து, "இது எந்தப் பள்ளத்தாக்கு?" என்று கேட்டார். அப்புறம் அவரே முன்னால் நடந்து நிஜமான பள்ளத்தாக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். தினமும் போனார். ஒரு நாள் கோய் என்கிற டென்னசிக்காரப் பையன் கண்ணிவெடியை மிதித்தான். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் ஒன்றும் மிஞ்சவில்லை. ஓரின்தான் கட்டுப் போட்டான். கோய் ஹெலிகாப்டரில் ஏற்றப்படும் வரை தன் பூட்ஸைத் தேடச் சொல்லிக்கொண்டே இருந்தான். அதற்கு மறுநாள்தான் மஞ்சள் புகை.

சிரித்துவிட்டு அன்று மாலையும் விட்காம் ரோந்துக்குக் கிளம்பினார். கொஞ்ச நாள் கழித்து கண்ணீர்ப்புகை வந்தது. அன்று அவர் சிரிக்கவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே வந்து எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார். "விளையாட்டு முடிஞ்சுதா? நல்லது. இன்னிக்கு அடுத்த மலை வரைக்கும் போறோம்" என்றார்.

ஓரினால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணுக்கு மருந்து போடுகிற சாக்கில் அவருடைய பதுங்குகுழிக்குப் போனான்.

"சார், மஞ்சளுக்கு அப்புறம் கண்ணீர்ப்புகை. அதுக்கப்புறம் என்னன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"நீ சொல்லேன்."

"இந்தக் கட்டில்ல படுக்காதீங்க சார். எனக்குச் சொல்ல முடிஞ்சது அவ்ளோதான்."

விட்காம் அவனை நிமிர்ந்து பார்த்தார். பயந்த மாதிரியே தெரியவில்லை. "பேரச் சொல்லு. இன்னிக்கே விலங்கு மாட்டிக் கீழ அனுப்பிடறேன்."

"பேரு தெரியாது சார்."

"பேரு தெரியாது, ஆனா நடக்கப்போறது தெரியும். அப்போ இது எச்சரிக்கையா, மிரட்டலா? அவங்க உன்ன அனுப்பினாங்களா?"

"இல்ல சார்."

"டாஸ்கர், எனக்கு மட்டும் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போக ஆசையா? தெக்கால இருக்கற முகாம்ல இப்படித்தான் புதருக்குப் பின்னால உக்காந்து ரேடியோல கதவிட்டானுங்க. எதிராளிங்க வேலிய வெட்டிட்டு உள்ள வந்ததுகூட யாருக்கும் தெரியல. படுக்கையிலயே முடிச்சிட்டுப் போயிட்டானுங்க. உங்கள உசுரோட வெச்சிருக்கத்தான்டா நான் இந்தப் பாடுபடறேன்."

அவர் சொன்னது உண்மைதான் என்று ஓரினுக்குத் தெரிந்தது. கோய்க்கு இரண்டு கால் போனதும் உண்மைதான். எதற்கு எதை வைத்து எடை போடுவது என்று தெரியாமல் மருந்துப் புட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டான்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்தபோது லூஷியஸ் பீப்பிள்ஸ் மலையில் இல்லை. கீழே பெரிய முகாமுக்குப் பல் பிடுங்கப் போனவனை, தாடையில் சீழ் வற்றினால்தான் பிடுங்குவோம் என்று வாரக்கணக்கில் அங்கேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். அவனுடைய ஒரு வருஷப் பணிக்காலம் முடிந்துவிட்டது, ஊருக்குப் போகிற உத்தரவும் வந்துவிட்டது. கீழேயே இருந்து அப்படியே விமானம் ஏறியிருக்கலாம். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். இவன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போக மனசில்லாமல், வீங்கின கன்னமும் கையில் ஒரு பெட்டி பீருமாக ஹெலிகாப்டரில் திரும்பி வந்து இறங்கினான். அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் மேகம் மலையை மூடிக்கொண்டது. மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ஹெலிகாப்டர் வானம் தெளிந்தால்தான்.

அவனைப் பார்த்ததும் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டவன் லோனி ஸ்டாம்ப்பர். கென்டக்கிச் சுரங்கக்காரன் மகன், சிவத்த முடி, முன்கோபி. கீழே பெரிய முகாமில் கறுப்பர்கள் ஒரு மேசை, வெள்ளையர்கள் ஒரு மேசை என்றுதான் சாப்பிடுவார்கள். லூஷியஸ் கறுப்பன், லோனி வெள்ளையன்; ஆனால் மலைமேல் அந்த வித்தியாசத்துக்கு இடமில்லை. போன வருஷம் காட்டாற்றில் அடித்துக்கொண்டு போன லோனியை லூஷியஸ்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். "அன்னிக்கு நீ மொட்ட அடிச்சிருந்தா செத்திருப்ப" என்று லூஷியஸ் இன்னும் சொல்லிக் காட்டுவான்.

மறுநாள் சாயங்காலம் லோனி ஓரினைத் தேடி வந்தான். கண்ணிவெடி ஒன்றைப் பிரித்து எடுத்த, நெருப்பு வைத்தால் வெடிக்காமல் எரிகிற மருந்தில் ஒரு சிட்டிகை கிள்ளி வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் குவளையைப் பிடித்துக் காப்பி போட்டான். ஓரினுக்கும் ஊற்றிக் கொடுத்தான்.

"நாளைக்கு மத்தியானம், எல்லாரும் தூங்கற நேரம். நீ உன் பங்கர விட்டு வெளிய வராத."

"லோனி, இங்க பாரு..."

"உன்கிட்ட யோசனை கேக்கல டாக்டரே, தகவல் சொல்றேன். சத்தம் கேட்டதும் பையத் தூக்கிட்டு ஓடாத. பூட்ஸத் தேடு. கயிறக் கட்டு. மெதுவா வா."

"ஏன் ஓடி வரலன்னு கேட்டா?"

"எதிராளியோட மோர்ட்டார் குண்டு விழுதுன்னு நெனச்சுப் பதுங்கினேன்னு சொல்லு. எல்லாரும் அதத்தான் சொல்லப் போறோம்." காப்பியை ஊதிக் குடித்தான். "ஒரு காலாவது மிச்சம் வெச்சிருக்கலாம்ல அவனுக்கு. ஊருக்குப் போனதும் என்னோட தூண்டில எடுத்துட்டு வந்து தரேன்னு சொல்லிருந்தேன் கோய்கிட்ட."

"லூஷியஸுக்குத் தெரியுமா?"

லோனி அவனை முறைத்தான். "ஊருக்குப் போறவன்கிட்ட எவனாவது சொல்லுவானா? உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

இதுவும் மலையில் ஒரு வழக்கம்தான். ஊருக்குப் போகிறவனிடம் இந்த மாதிரி விவகாரம் எதையும் மூச்சுவிடக் கூடாது. அவனுக்குத் தெரிந்திருந்தால் விசாரணை என்று பிடித்து வைப்பார்கள், மாதக்கணக்கில் போக விடமாட்டார்கள். ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை நண்பனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்தப் பாரத்தை அவன் தலையில் ஏற்றக்கூடாது. வெடித்த புகைக்குண்டுகளைப் பற்றிக்கூட லூஷியஸிடம் யாரும் வாய் திறக்கவில்லை. "அவனாவது சுத்தமா ஊர் போய்ச் சேரட்டும்" என்றான் லோனி. அதைச் சொல்லும்போது அவன் குரல் இளகிவிட்டது.

லூஷியஸ் முட்டாள் இல்லை. இருட்டுவதற்கு முன்னால் ஓரினின் பதுங்குகுழிக்கு வந்து, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்னடா டாக்டரே, நான் போய் உக்காந்தா எல்லாப் பயலும் வாய மூடிக்கிறான்? எனக்கென்ன தொத்து வியாதியா?"

"உன்மேல ஊருக்குப் போற வாடை அடிக்குது. எங்களுக்கு வயித்தெரிச்சல்."

"புது லெப்டினன்ட் எப்படி?"

"பரவால்ல."

"நல்ல மாதிரியாத்தான் தெரியுது. கன்னம் என்னாச்சுன்னு கேட்டாரு. போனவரு என் பேரையே ஒழுங்கா சொன்னதில்ல." வாயில் ஊறின ரத்தத்தை வெளியே துப்பிவிட்டு வந்தான். "ஊர்ல போய் பஸ் ஓட்டப் போறேன்டா. மேக்கன் டவுன் பஸ். மாமா பேசி வெச்சிருக்காரு. எங்கம்மா, கறுப்பருக்குன்னு ஒதுக்கின பின் சீட்டுல உக்காந்து வெள்ளக்காரங்க வீட்டு வேலைக்குப் போன பஸ்ஸு. நான் முன்னால உக்காந்து ஓட்டப் போறேன். அம்மாவ எனக்குப் பின்னாடி முத சீட்டுல உக்கார வெச்சு ஊரச் சுத்திக் காட்டுவேன்."

"நான் வந்தா?"

"நீ வெள்ளக்காரன். கடேசி சீட்டு. டிக்கெட் எடுத்துட்டுத்தான் ஏறணும்."

ஓரின் சிரித்தான். சிரித்து முடித்ததும், சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. லூஷியஸ் சொன்னால் லோனி கேட்பான். ஆனால் காதில் போட்ட அந்த நிமிஷத்திலேயே அவனும் இதற்குள் வந்துவிடுவான். பஸ் ஓட்டப் போகிறவனை இதில் இழுப்பது பாவம் என்று ஓரின் வாயை மூடிக்கொண்டான்.

அவனுக்கு வேறு யோசனை வந்திருந்தது. மறுநாள் காலையில் ரோந்து முடிந்து எல்லோரும் நனைந்து நடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். ஓரின் நேராக லெப்டினன்டிடம் போனான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான், வாயில் வெப்பமானியை வைத்து எடுத்தான், அவர் பூட்ஸைக் கழற்றக் குனிந்த நேரத்தில் வெப்பமானியைத் தன் சூடான காப்பிக் குவளைக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்து அவர் முன்னால் நீட்டினான்.

"காய்ச்சல் சார். மலேரியாவா இருக்கும்னு சந்தேகமா இருக்கு. என் பங்கருக்கு வந்து படுங்க. பக்கத்துலயே இருந்து பாத்துக்கணும்."

விட்காம் களைத்துப் போயிருந்தார். வாதாடவில்லை. "நீ போ, ரேடியோல பேசிட்டு வரேன்" என்றார். அந்தப் பதுங்குகுழிப் பக்கம் நிற்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று ஓரினும் முன்னாலேயே வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவர் மழையில் தலையை மூடிக்கொண்டு வந்து சேர்ந்தார். மாத்திரை கொடுத்தான். போர்வை கொடுத்தான். படுத்தார்.

ஓரினுக்குத் தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. கைக்குண்டு வெறும் கட்டிலில் வெடிக்கும். மனிதர் அதைத் தன் கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார், மாற்றல் கேட்டுக்கொண்டு போவார், இல்லை பிடியைத் தளர்த்துவார். லோனிக்கும் ஆத்திரம் அடங்கிவிடும். ஒருத்தனும் சாக மாட்டான், ஒருத்தனும் ஜெயிலுக்குப் போக மாட்டான். லோனியிடம் சொன்னால் இன்றைக்கு விட்டு நாளைக்குச் செய்வான், அதனால் அவனிடமும் சொல்லவில்லை. மலையில் இருந்த அத்தனை பேரையும் தான் ஒருத்தனே காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பில் டின்னைத் திறந்து பீச் பழத்தை ரசித்துத் தின்றான்.

மத்தியானம் மழை வலுத்தது. முகாமே தூங்கியது. குண்டு வெடித்தபோது சத்தம் மழைக்குள் அமுங்கித்தான் கேட்டது. கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

விட்காம் துள்ளி எழுந்தார். ஓரின் அவர் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்க வைத்தான்.

"மோர்ட்டார் சார். தலையக் குனிங்க. இன்னொண்ணு வரும்."

"விடு. என்னோட ஆளுங்க வெளிய இருக்காங்க."

"பொறுங்க சார், பொறுங்க."

ஓரின் பதறவே இல்லை. இன்னொரு குண்டு வரப்போவதில்லை என்று அவனுக்குத்தான் தெரியுமே. லோனி சொன்னபடி பூட்ஸைத் தேடினான். ஒன்றை மாட்டிக் கயிறு கட்டினான். வெளியே யாரோ கத்தினார்கள். எல்லோரும் நன்றாகத்தான் நடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். இரண்டாவது பூட்ஸை மாட்டினான்.

விட்காம் வாசல் திரையை விலக்கி மழைக்குள் எட்டிப் பார்த்தார். "என் பங்கர்தான்" என்றார். பிறகு திரும்பினார். "டாஸ்கர், அதுல பீப்பிள்ஸ் படுத்திருக்கான்."

"யாரு?"

"பீப்பிள்ஸ். அவன் பங்கர்ல முழங்கால் தண்ணி. நான் வரும்போது டப்பா வெச்சு எறச்சிட்டு இருந்தான். என் கட்டில் சும்மாதான இருக்கு, போய்ப் படுடான்னு சொல்லிட்டு வந்தேன்."

ஓரின் ஓடினான். கயிறு கட்டாத பூட்ஸ் சேற்றில் கழன்று நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு ஓடினான். புகையும் மண்ணுமாக இருந்த அந்தக் குழிக்குள் கையால் தடவி லூஷியஸைக் கண்டுபிடித்தான். கொசுவுக்குப் பயந்து தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறான். போர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்திருந்தது. ஓரின் விரல்களை உள்ளே விட்டு அதைப் பிடித்து நசுக்கினான், பெல்ட்டை உருவி மேலே இறுக்கினான். எல்லாம் சரியாகத்தான் செய்தான். ஆனால் கட்டிலுக்குக் கீழே ரத்தம் குட்டையாகத் தேங்கிவிட்டது. உடனே வந்திருந்தால் இத்தனை போயிருக்காது என்பது, கன்றுக்குட்டியின் காலைப் பிடித்தவனுக்கும் தெரியும்.

லூஷியஸ் கண்ணைத் திறந்தான். "டாக்டரே, மோர்ட்டாரா?"

"ஆமாடா. மோர்ட்டார்தான்."

"லோனிக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கான்."

"சரி" என்றான் லூஷியஸ். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. ஓரின் வெகுநேரம் விரலை எடுக்கவே இல்லை. லெப்டினன்ட் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தார்.

வாசலில் கூட்டமாக நின்றவர்களில் லோனியும் இருந்தான். உள்ளே யார் என்று எட்டிப் பார்த்தான். பார்த்ததும் பக்கத்திலிருந்த மணல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். அவனுக்கு அடுத்து நின்ற செபெதா, இயந்திரத் துப்பாக்கிக்காரன், அவனைத் தூக்கி நிறுத்தி, யாரும் கவனிப்பதற்குள் தள்ளிக்கொண்டு போனான்.

லெப்டினன்ட் ரேடியோவில் எதிராளியின் மோர்ட்டார் குண்டு என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு ஓரினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்குக் காய்ச்சல் இருந்துதா?"

"இல்ல சார்."

"அப்போ யாருன்னு உனக்குத் தெரியும்."

ஓரின், அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொந்த ஆளுங்களே கொன்னாங்கன்னு அவங்கம்மாவுக்கு எழுத எனக்குக் கை வராது. அதனாலதான் மோர்ட்டார்னு சொன்னேன். உனக்காகன்னு நெனச்சிக்காத" என்றார். அன்று சாயங்காலம் யாரும் ரோந்துக்குப் போகவில்லை. அவர் போகச் சொல்லவும் இல்லை.

பொழுது இறங்கும் நேரம் லோனி வந்தான். உட்காரவில்லை. வாசலிலேயே மழையில் நின்றான்.

"அவர் உள்ள இல்லன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீதான் அவரக் கெளப்பிக் கூட்டிட்டுப் போன."

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நாளைக்குப் பண்ணியிருப்ப."

"பண்ணியிருப்பேன்" என்றான் லோனி. "லூஷியஸ் இருந்திருப்பான்."

ஓரின் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவனுக்கும் ஆற்றாமை பொங்கிக்கொண்டு வந்தது. "நீ அந்தப் போர்வைய விலக்கி யாருன்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்ல" என்றான்.

"மொகத்தப் பாத்தா கை வருமாடா?" லோனி அழுதுகொண்டிருந்தான். மழையில் அது சரியாகத் தெரியவில்லை, குரலில்தான் தெரிந்தது. "செபெதா சொல்றான், குண்டு வெடிச்சப்புறமும் அவன் உசுரோட இருந்தானாமே. பேசினானாமே. எவ்வளவு நேரம் கழிச்சுப் போன நீ?"

"நீ சொன்ன மாதிரிதான் லோனி. மெதுவா."

லோனி மழைக்குள் திரும்பி நடந்தான்.

மறுநாள் காலையில் வானம் வெளுத்தது. ஹெலிகாப்டர் வருகிற செய்தியும் வந்தது. லூஷியஸை ரப்பர் விரிப்பில் சுற்றி வைத்திருந்தார்கள். செத்தவனை அவன் குழுக்காரர்கள்தான் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வெளியாள் கைவைக்க விடமாட்டார்கள். ஓரின் தலைப்பக்கம் ஒரு மூலையைப் பிடித்தான். செபெதா கால்பக்கம் பிடித்தான். லோனி விலகி, தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

லெப்டினன்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். லூஷியஸைத் தூக்க முதலில் வர வேண்டியவன் யார் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வாடா" என்றான் செபெதா பல்லைக் கடித்துக்கொண்டு. "வரலன்னா அவருக்குப் புரிஞ்சிடும்."

லோனி வந்தான். குனிந்து ஓரினுக்கு எதிர்மூலையைப் பிடித்தான். பிடி நழுவியது, மறுபடியும் பிடித்தான். நாலாவது மூலைக்கு ஒருத்தன் வரப் பார்த்தான். விட்காம் அவனைத் தடுத்துவிட்டுத் தானே வந்து பிடித்தார். "நான்தான் அவன அங்க படுக்கச் சொன்னேன்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. லோனி விரிப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சேற்றில் சரிந்துவிடாமல் நாலு பேரும் ஒரே அடியாக எடுத்துவைத்து நடந்தார்கள். ஒருத்தன் கால் வழுக்கினால் மற்றவர்கள் நின்று, அவன் ஊன்றிக்கொள்ளும் வரை பாரத்தைத் தாங்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரின் காற்று விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஓரின் இன்னொரு கையால் லூஷியஸின் முகத்தின்மேல் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஹெலிகாப்டர்காரன் குனிந்து வெளியே பார்த்தான். செத்தவன் யார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "பொணத்த உள்ள வெச்சிடுங்க" என்று கத்தினான். "ஊருக்குப் போற ஆள் ஒருத்தர் இருக்கார்னு சொன்னாங்களே, அவர் எங்க? சீக்கிரம் ஏறச் சொல்லுங்க, மறுபடி மேகம் எறங்குது."

லோனிதான் விரிப்பை உள்ளே தள்ளி, அது உருளாதபடி கால்பக்கத்தை வாரில் கட்டினான்.

"இவன்தான்" என்றான்.